கழிச் சேற்றில் எந்தச் சாட்சியை நம்புவது? கடலூர்–புதுச்சேரிக் கரைக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரும் அவருடைய ஆய்வு மாணவர்கள் மூவரும் அண்மையில் ஒரு கேள்வியுடன் வந்தார்கள். நம் கரையோரத்துக் கழி ஒன்றில் குழாயை இறக்கி ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சேற்றுத்தூண் எடுக்க வேண்டும். அதில் தங்கியிருக்கும் வேதித் தடயங்களைக் கொண்டு கடந்த சில நூற்றாண்டுகளில் மழையும் உப்பும் காடும் ஆற்றுநீரும் எப்படி மாறின என்று அறிய வேண்டும். கையில் இருக்கும் பணமோ எல்லாவற்றையும் அளந்து பார்க்கப் போதாது. எந்தக் கழியைத் தேர்வது, எந்தத் தடயத்தை அளப்பது, காலத்தை எதைக் கொண்டு கணிப்பது என்பதுதான் கேள்வி. அன்று அவர்களிடம் சொன்னதையும், அவர்கள் போன பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கழியின் அடியில் சேறு ஆண்டுதோறும் மேலே மேலே படிகிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் கொண்டுவரும் களிமண், கரையோர மரங்களின் இலைமக்கு, நீரில் வாழ்ந்து மடிந்த பாசி, புயல் வாரி எறிந்த கடல்மணல், வயலிலிருந்து கழுவி வந்த உரம், புகைபோக்கியிலிருந்து இறங்கிய சாம்பல் எல்லாம் அதில் அடுக்கடுக்காகச் சேருகின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய வேதி அடையாளத்துடன் வருகிறது. பாசியில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 4 முதல் 10 வரை இருக்கும். நாரும் மரச்சத்தும் மிகுந்த நிலத் தாவரங்களில் அது 20ஐத் தாண்டும். கடல்நீரில் சல்பேட் மிகுதி என்பதால் கடல் தொட்ட சேற்றில் கந்தகம் கூடும். நன்னீர்ச் சேற்றில் குறையும். இப்படிப்பட்ட விதிகளைப் பாடநூல்கள் வரிசையாகத் தருகின்றன, அவை பொதுவாக உண்மையும்கூட.

ஆனால் அந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு நம் கரையில் இறங்கினால் ஏமாறுவோம். நம் வட்டாரத்து நிலமும் பயிரும் நான்கு பொய்ச்சாட்சிகளை வைத்திருக்கின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஒன்று, கடலூர் மணற்கல் சிதைந்து உண்டான செம்மண் இன்னொன்று, வழுதாவூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மூன்றாவது, கரும்பு நான்காவது. ஒரு தடயத்தை அளக்க எவ்வளவு செலவாகும், எந்த ஆய்வகத்தில் அந்தக் கருவி இருக்கிறது என்பவற்றுக்கு முன்பாக, இந்த நான்கில் எதனிடம் அந்தத் தடயம் ஏமாறும், எதனிடமிருந்து தப்பும் என்று பார்த்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த அளவுகோலில்தான் செல்கிறது.

முதலில் இடம். அவர்கள் மனத்தில் நான்கு இடங்கள் இருந்தன: புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கழுவெளி, அரிக்கமேட்டை ஒட்டிய அரியாங்குப்பத்துக் கழி, கடலூரின் உப்பனாறு, சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம்.

அரியாங்குப்பம் மனத்தைக் கவரும் இடம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு அதன் கரையில்தான் இருக்கிறது. மணி செய்த, வெளிநாட்டு வணிகம் நடந்த ஊருக்கு எதிரே படிந்த சேற்றில் பழைய உலோகத் தடயம் ஏதேனும் இருக்காதா என்ற ஆவல் எனக்கும் உண்டு. இருந்தாலும் முகத்துவாரமும் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் வழியும் பலமுறை தூர்வாரப்பட்டுள்ளன. வாரி எடுத்த இடத்தில் அடுக்கு இல்லை. வாரிக் கொட்டிய இடத்தில் அடுக்கு தலைகீழாக இருக்கும். முதல் ஆய்வுக்கு இது வேண்டாம்.

உப்பனாறு தன் கேள்வியைத் தானே சொல்லும் இடம். 1980களில் அதன் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் சேற்றில் துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயம் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கரையில் இல்லை. ஆனால் மழை, கடல்மட்டம், காடு பற்றிய கேள்விகளை இங்கே கேட்கக் கூடாது. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் பரவனாற்றில் விடப்படுகிறது; பரவனாறு உப்பனாற்றில் சேருகிறது. அந்த நீரோடு வரும் நிலக்கரித் துகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காட்டின் எச்சம். அதன் கார்பன்-நைட்ரஜன் விகிதம் நிலத் தாவரத்தைப் போலவே உயர்ந்திருக்கும். அதன் கார்பன் ஐசோடோப்பும், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதமும், மரங்களுடையதைப் போன்றதே. நிறுவனம் தொடங்கிய 1956க்குப் பிந்தைய அடுக்குகளில் இந்தத் துகள் கலந்திருந்தால், விகிதத்தை மட்டும் பார்ப்பவர் கரையோரக் காடு செழித்தது என்று எழுதிவிடக் கூடும். உண்மையில் நடந்தது சுரங்கம் வெட்டியதாக இருக்கும்.

பிச்சாவரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ள இந்த அலையாத்திக் காட்டின் நிலை இரண்டு கைகளால் மாறியது. ஒன்று, காட்டை மரம் வெட்டும் கூறுகளாகப் பிரித்து 20ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் முறைவைத்து வெட்டியது. வெட்டிய இடத்தில் வெயில்பட்டு நீர் ஆவியாகி, சேறு அமுங்கிக் குழியாகி, உப்பு ஏறி, மறுபடி கன்று முளைக்காமல் போனது. மற்றொன்று, மேலே ஆற்றில் நடந்தது: 1836இல் கீழணை, 1934இல் மேட்டூர் அணை, அதன் பிறகு விரிந்துகொண்டே போன பாசனம் ஆகியவற்றால் கொள்ளிடத்தின் வாயிலுக்கு வரும் நன்னீர் குறைந்தது. இந்த இரண்டில் எது காட்டை அதிகம் மாற்றியது என்பது இன்றும் கேட்கத் தகுந்த கேள்வி. சேறு நுண்ணிய களிமண்ணாக இருப்பதால் தடயங்கள் நன்றாகப் பிடித்து வைக்கப்படுகின்றன என்பது இந்த இடத்தின் பலம். நண்டுகள் ஓயாமல் வளை தோண்டி மேல் சேற்றைக் கீழும் கீழ்ச் சேற்றை மேலும் கொண்டுபோவது இதன் பெரும் பலவீனம்.

இன்னொரு பலவீனத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் கிள்ளைப் படகோட்டி ஒருவர். நான் சில ஆண்டுகளுக்கு முன்பு குழாயை இறக்கத் தேர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “இந்த வாய்க்கா தானா வந்ததில்லீங்க சார், கன்னு நடறதுக்காக வெட்டுனது” என்றார். சிதைந்த பகுதிகளைப் புதுப்பிக்க மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன என்று படித்திருந்தும், நான் நின்ற இடமே அவற்றில் ஒன்றின் கரை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்டி எடுத்த மண்ணை அங்கேதான் போட்டிருந்தார்கள். பிச்சாவரத்தைத் தேர்பவர்கள் வனத்துறையின் அனுமதியோடு, நண்டு பிடிக்கும் இருளர் ஒருவரையோ படகோட்டி ஒருவரையோ இடம் பார்க்கும் நாளிலேயே உடன் அழைத்துச் செல்ல வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் புலப்படாதவை அவர்களுக்குத் தெரியும்.

கழுவெளியின் இயல்பு வேறு. மரக்காணத்துக்கு அருகே முகத்துவாரத்தின் வழியாகக் கடலைத் தொடும் இந்த ஆழமற்ற ஏரியில் வடபக்கம் உப்பு மிகுந்தும், தென்பக்கம் மழைநீர் மிகுந்தும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் பெரும்பகுதி வற்றிப்போகிறது. நம் கரைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கிடைக்கிறது. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் எழுதப்பட்ட மழை வரலாறுகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றியவை. ஆகவே வடகிழக்குப் பருவமழையின் பழைய ஏற்றத்தாழ்வை அறிய விரும்பினால் கழுவெளி மிக மதிப்பு வாய்ந்த இடம். அங்கே பெரிய ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை என்பதால், மேற்கே தொலைவில் பெய்த மழை வந்து குழப்புவதும் இல்லை. பறவைகள் சரணாலயமாக 2021இல் அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்திருப்பதால் இதற்கும் அனுமதி வேண்டும்.

அதன் குறை, அது வற்றுவதுதான். வற்றிய தரை வெடிக்கும். இந்த ஆண்டின் மண் அந்த வெடிப்பில் விழுந்து முந்தைய அடுக்கோடு கலக்கும். மேயவரும் மாடுகள் மிதிக்கும். காற்று மேற்பரப்பை வாரிச் செல்லும். நடுப்பகுதியில் கோடையிலும் ஈரம் காயாத தாழ்விடங்களைத் தேடிப் பிடிப்பது ஆய்வின் பாதி வெற்றி. அதற்கு ஒரு முழுக் கோடைக்காலம் பலமுறை நேரில் சென்று பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழியை நான் அறியேன்.

இடத்தை அடுத்துத் தடயம். பலரும் முதலில் தேர்வது உலோகங்களை. எக்ஸ்ஆர்எஃப் கருவியில் தூளைப் பொட்டலமாக வைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஒரே அளவீட்டில் இரும்பு, டைட்டானியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்க்கோனியம், துத்தநாகம், ஈயம் எல்லாம் வந்துவிடும். மாதிரி அழிவதும் இல்லை. தனிமங்களை அணு எடையால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி இன்னும் நுட்பமானது, ஆனால் அதற்குச் சேற்றை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உட்பட்ட கடும் அமிலங்களில் கரைக்க வேண்டும், செலவும் நாளும் பல மடங்கு. என் தேர்வு இதில் தெளிவானது: எல்லா அடுக்குகளையும் எக்ஸ்ஆர்எஃப்பில் அளந்து, அது காட்டும் திருப்பங்கள் உள்ள அடுக்குகளை மட்டும் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்பலாம்.

ஆனால் உலோகங்களில் நம் செம்மண் பொய் சொல்கிறது. ஆரோவில் மேட்டிலும் வானூர்ப் பக்கத்திலும் ஓடைகள் அறுத்துச் சிவந்து கிடக்கும் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீண்ட காலம் மழையில் ஊறி, கரையக்கூடியவை எல்லாம் கரைந்துபோக, இரும்பும் அதோடு ஒட்டிக்கொள்ளும் குரோமியமும் வனேடியமும் தங்கிவிட்ட மண் அது. காடு அழிந்து மண்ணரிப்பு கூடிய பத்தாண்டுகளில் இந்த மண் கழுவெளிக்கு மிகுதியாக வந்திருக்கும். உலகச் சராசரிக் களிப்பாறையின் அளவோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு கூடியுள்ளது என்ற செறிவுக் காரணியைக் கணக்கிட்டால், இந்த இயற்கை இரும்பும் குரோமியமும் மாசாகத் தோன்றும். ஆகையால் மூன்று எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. ஒப்பீட்டுக்குத் தூணின் அடிப்பகுதியையோ அருகிலுள்ள செம்மண்ணையோ அடிப்படையாக வைக்க வேண்டும். களிமண்ணின் அளவைச் சரிக்கட்ட இரும்பை வகுத்தியாகப் பயன்படுத்தாமல் அலுமினியத்தையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் இரும்பு செம்மண்ணோடு வருவதோடு நில்லாமல் ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் கரைந்து மேலேறி வேறோர் அடுக்கில் மறுபடி படியவும் செய்யும். மாங்கனீசு அதைவிட எளிதாக இடம் மாறும். துகள் அளவையும் கட்டாயம் அளக்க வேண்டும், ஏனெனில் களிமண் மிகுந்த அடுக்கில் எந்த உலோகமும் கூடத்தான் தெரியும்.

அதே உலோகப் பட்டியலில் செம்மண்ணால் கெடுக்க முடியாத சில தடயங்களும் உண்டு. சிர்க்கோனியம் கனமான மணலோடு வருவது. கால்சியமும் ஸ்ட்ரான்ஷியமும் கிளிஞ்சல் உடைசலோடு வருவன. இம்மூன்றும் ஒரே அடுக்கில் திடீரென ஏறினால் கடல் மணலைத் தூக்கி உள்ளே போட்டது என்று பொருள்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலும் அப்படிப்பட்ட மணற்படலங்களை விட்டிருக்கும் இடங்களில், அவை மேலடுக்குகளின் வயதைச் சரிபார்க்கும் ஆணிகளாகப் பயன்படும். 2015இன் பெருவெள்ளம் விட்டது வேறு வகை: கிளிஞ்சல் இல்லாத, டைட்டானியமும் பொட்டாசியமும் மிகுந்த நிலத்துக் களிமண். கடலிலிருந்து வந்த அடுக்கையும் மேட்டிலிருந்து வந்த அடுக்கையும் இப்படிப் பிரித்தறிய முடிவது எக்ஸ்ஆர்எஃப்பின் உண்மையான பலம். மாசை அளப்பதைவிட இதற்காகவே நான் அதை விரும்புவேன்.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. தொழிற்சாலை அருகில் இல்லாத கழுவெளி போன்ற இடத்தில், சேற்றில் ஈயம் ஏறி மறுபடி இறங்கும் வளைவு கிடைத்தால் அது ஒரு நல்ல காலக் குறி. உப்பனாற்றில் அந்த வளைவை எதிர்பார்க்க வேண்டாம். அருகிலுள்ள மூலங்கள் அதை மூடிவிடும்.

அடுத்தது கார்பனும் நைட்ரஜனும் அவற்றின் ஐசோடோப்களும். செலவைப் பார்த்தால் இவை நடுத்தரம். சொல்லக்கூடிய செய்தியைப் பார்த்தால் முதலிடம். ஒளிச்சேர்க்கை செய்யும் வழியைக் கொண்டு தாவரங்களை சி-3, சி-4 என்று பிரிப்பார்கள். மரங்களும் நெல்லும் சேர்ந்த சி-3 வகைத் தாவரங்களின் கார்பன்-13 அளவு, பொது நியமத்தோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு −27ஐ ஒட்டி இருக்கும். வெப்பநிலப் புல்வகைகளான சி-4 தாவரங்களில் −13ஐ ஒட்டியும், கடற்பாசியில் −20 முதல் −22 வரையும் இருக்கும். பிச்சாவரத்து அலையாத்தி இலைகள் சி-3 வகையின் கீழ்க்கோடியில் நிற்கும். ஆகவே தூணின் மேல்நோக்கி அளவு −28லிருந்து −22க்கு நகர்ந்தால், அலையாத்தி குறைந்து கடல் உள்ளே வந்தது என்று பாடநூல் வழியில் வாசிக்கலாம்.

கரும்பு இந்த வாசிப்பைத்தான் கெடுக்கிறது. கரும்பு சி-4 பயிர். கம்பும் சோளமும் கேழ்வரகும் அப்படியே. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இயங்குகிறது என்பதை நினைத்தால், கெடிலமும் தென்பெண்ணையும் எவ்வளவு காலமாகக் கரும்புத் தோகையையும் வேரையும் கழிகளுக்குக் கொண்டுவந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பாதி மர இலையும் பாதிக் கரும்பும் கலந்த சேறு −20 என்று காட்டும். அது கடற்பாசியின் எண். கடல் ஏறியதா, கரும்பு ஏறியதா என்பதை ஐசோடோப் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கார்பன்-நைட்ரஜன் விகிதத்தோடு சேர்த்துப் பார்த்தால் சொல்லலாம்: கடற்பாசி என்றால் விகிதம் 10க்குக் கீழே இருக்கும், கரும்பு என்றால் மேலே போகும். இரண்டும் ஒரே கருவியில் கிடைப்பதால் ஒன்றை விட்டு ஒன்றை அளப்பது பெருந்தவறு.

இங்கே செய்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கான உழைப்பை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்பன் ஐசோடோப்பை அளக்கும் முன் கிளிஞ்சல் சுண்ணாம்பை அமிலத்தால் நீக்க வேண்டும். நைட்ரஜனை அளக்கும் பகுதிக்கு அமிலம் படக் கூடாது, ஏனெனில் கழுவும்போது நைட்ரஜன் கரைந்து போகும். ஒரே பொட்டலத்தில் இரண்டையும் அளந்து வந்த விகிதம் நம்பத் தகுந்தது அல்ல. கரிமம் மிகக் குறைந்த அடுக்குகளில் களிமண்ணோடு ஒட்டிய கனிம நைட்ரஜன் விகிதத்தைத் தாழ்த்திக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கந்தகத்தில் எனக்கு இடத்தைப் பொறுத்த நம்பிக்கைதான் இருக்கிறது. இயல்பான கடற்சேற்றில் கார்பன்-கந்தக விகிதம் 2.8ஐ ஒட்டியிருக்கும், நன்னீர்ச் சேற்றில் அது பல மடங்கு உயரும். எப்போதும் ஈரமாக இருக்கும் பிச்சாவரத்தில் இது கடல்நீரின் வரவைக் காட்டும் மலிவான, நேர்மையான தடயம். கழுவெளியிலோ கோடையில் வற்றிய சேற்றில் காற்றுப் பட்டு இரும்புச் சல்பைடு சிதைந்து கந்தகம் கழுவிப் போய்விடும். உப்பு மிகுந்த வறண்ட ஆண்டே நன்னீர் ஆண்டைப் போல வேடமிடும் அபாயம் அங்கே இருக்கிறது.

கிளிஞ்சலின் ஆக்ஸிஜன் ஐசோடோப்பும் இடத்தைப் பொறுத்ததே. நீர் ஆவியாகும்போது கனமான ஆக்ஸிஜன் தங்குவதால் வறட்சியை நேரடியாகச் சொல்லும் தடயம் அது. ஆனால் பிச்சாவரத்துச் சேற்றின் அமிலத்தன்மை ஓடுகளைக் கரைத்துவிடுகிறது. கழுவெளியின் வடபகுதிக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றிலும் விலையுயர்ந்தவை, எந்த உயிரிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும் உயிரிச்சுட்டு மூலக்கூறுகள். மாணவர்களுக்கு இவற்றின் மீதுதான் ஆசை, அது நியாயமான ஆசையும்கூட, ஏனெனில் பொய்ச்சாட்சிகள் பலவற்றை இவை முகத்துக்கு நேரே மறுக்கும். மனித மலத்தோடு மட்டுமே பெரும்பாலும் வரும் கோப்ரோஸ்டனால், நகரக் கழிவுநீர் எப்போது உள்ளே வந்தது என்பதை எந்த உலோகத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும். அலையாத்திக் காட்டுக்கு டராக்ஸரால் என்ற மூலக்கூறு பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் பிச்சாவரத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. டராக்ஸரால் மிகுந்திருப்பது சுரபுன்னை இலைகளில். பிச்சாவரத்தில் இன்று மிகுந்திருப்பதோ வெண்கண்டல், அதன் இலையில் டராக்ஸரால் குறைவு. சுரபுன்னை குறைந்து உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருகிய காலத்தில் டராக்ஸரால் வீழ்ச்சியடையும். அதைக் காடே அழிந்தது என்று வாசித்தால் தவறு, காட்டின் இனம் மாறியது என்று வாசித்தால் அது நாம் தேடிய விடையே. இதைப் பிரித்துச் சொல்ல மகரந்தம் உதவும். 1955 முதல் இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மகரந்த ஆய்வில் நீண்ட மரபு உடையது என்பது நம் ஊருக்குக் கிடைத்த வாய்ப்பு. வேதித் தடயத்தோடு மகரந்தத்தையும் சில அடுக்குகளில் எண்ணுவதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை.

கழுவெளிக்கு மட்டும் ஒரு விலையுயர்ந்த தடயத்தை மனமார முன்வைக்கிறேன்: இலை மெழுகின் ஹைட்ரஜன் ஐசோடோப். இலைகளின் மேல்பூச்சில் உள்ள நீண்ட சங்கிலி மெழுகு, செடி குடித்த மழைநீரின் ஐசோடோப் அளவைத் தாங்கி நிற்கும். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை நீர் தென்மேற்கினதைவிட ஐசோடோப் அளவில் இலேசானது. எனவே இந்த மெழுகின் மாற்றம் நம் கரைக்கு உரிய பருவமழை பெருகியதையும் சுருங்கியதையும் காட்ட முடியும். புல்லும் மரமும் ஒரே மழையைக் குடித்தாலும் வேறு அளவைக் காட்டும் என்பதால் கரும்பும் புல்லும் இங்கேயும் குறுக்கே வரும். ஆனால் அதே மெழுகு மூலக்கூறின் கார்பன் ஐசோடோப்பையும் அளந்தால் அந்தப் பங்கைக் கழித்துவிடலாம். நூறு அடுக்குகளுக்கு இதைச் செய்ய எவராலும் இயலாது. பதினைந்து அடுக்குகளை நன்றாகத் தேர்ந்து செய்தால் போதும்.

இனி காலம். பல திட்டங்களில் காலக்கணிப்புக்குக் கடைசியில் மிஞ்சியதை ஒதுக்குகிறார்கள். எந்த ஆண்டின் அடுக்கு என்று தெரியாத தடயத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் மேட்டூர் அணைக்கு முன்னா பின்னா என்று சொல்ல முடியாது என்பதால், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலிலேயே இதற்கென எடுத்து வைக்கச் சொன்னேன்.

கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு, இயற்கையில் உண்டாகித் தானே சிதையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210தான் முதன்மை. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள்; ஐந்து அரை ஆயுள்கள், அதாவது சுமார் 110 ஆண்டுகள் கழிந்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கே மிஞ்சும். களிமண்ணில் இது நன்றாக ஒட்டும், மணலில் ஒட்டாது. நண்டு கலக்கிய மேற்பகுதியில் அளவு ஏறக்குறைய ஒரே சீராக நிற்பதை வைத்தே கலக்கலின் ஆழத்தைக் கண்டுகொள்ளலாம் என்பதால், பிச்சாவரத்தில் இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடங்கக் கூடாது. இதற்குத் துணையாகச் சொல்லப்படும் சீசியம்-137 அணுகுண்டுச் சோதனைகளின் 1963 உச்சத்தைக் காட்டுவது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் அன்று விழுந்ததில் இன்று கால் பங்குதான் இருக்கிறது, வெப்பமண்டலத்தில் விழுந்ததே குறைவு. கிடைத்தால் மகிழலாம், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

அதற்கும் பழைய அடுக்குகளுக்குக் கார்பன்-14. இங்கே சுண்ணாம்புக்கல், நிலக்கரி ஆகிய இரண்டு பொய்ச்சாட்சிகளும் முழு வலுவோடு நிற்கின்றன. சுண்ணாம்புக்கல் கரைந்த நீரில் வளர்ந்த நத்தையின் ஓடு, கார்பன்-14 சிதைந்து தீர்ந்துபோன பழைய கார்பனை ஏற்றுக்கொண்டு தன் வயதைக் கூட்டிச் சொல்லும். கடல்நீரே சராசரியாக 400 ஆண்டு அளவுக்கு வயதைக் கூட்டும். கடல்நீரும் ஊற்றுநீரும் பருவத்துக்குப் பருவம் வேறு விகிதத்தில் கலக்கும் கழியில் எவ்வளவு திருத்துவது என்பதற்கு ஒரே எண் கிடையாது. ஓட்டை விட்டுச் சேற்றின் மொத்தக் கரிமத்தை அனுப்பினால், கடலூர்ப் பக்கத்தில் நிலக்கரித் துகள் வயதை ஆயிரக்கணக்கில் தள்ளிவிடும். நான் முதன்முதலில் ஓடுகளையும் மொத்தச் சேற்றையும் மாறிமாறி அனுப்பி, மேலடுக்கு கீழடுக்கைவிட மூத்ததாக வந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் கலங்கியிருக்கிறேன். இலை, விதை, சிறு குச்சி போன்ற நிலத் தாவர எச்சங்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அனுப்புவதே இந்தக் கரையில் ஏற்கத்தக்க வழி. அதிலும் 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்துக்கு, கார்பன்-14 அளவை ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைவு மேலும் கீழும் போவதால் ஒரே மாதிரிக்குப் பல விடைகள் வரும். ஆகவே அந்த இடைவெளியை ஒரு தேதியால் நிரப்ப முயலாமல், நெருக்கமாகப் பல தேதிகள் எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் என் பரிந்துரை இதுதான். உப்பனாற்றைத் தொழில்மாசுக் கேள்விக்கு மட்டும், எக்ஸ்ஆர்எஃப், அலுமினியத் திருத்தம், ஈயம்-210, சில அடுக்குகளில் கோப்ரோஸ்டனால் என்ற அளவோடு வேறொரு குழு எடுத்துக்கொள்ளட்டும். வந்த மாணவர்களுக்கு உண்மையான ஆர்வம் மழையிலும் காட்டிலும் இருந்தது. அந்த இரண்டில் மழை என்றால் கழுவெளியும் இலை மெழுகும். காடு என்றால் பிச்சாவரமும் கார்பன்-நைட்ரஜன், கந்தகம், டராக்ஸரால், மகரந்தம் ஆகிய நான்கும். கையிலுள்ள தொகைக்கும் இரண்டு ஆண்டுக் காலத்துக்கும் பிச்சாவரமே பொருந்தும் என்று சொன்னேன். கொள்ளிடத்து நீர் பரவனாற்றோடு கலப்பதில்லை என்பதால் நிலக்கரியின் தொல்லை அங்கே குறைவு; வானூர்ச் செம்மண்ணும் வழுதாவூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அங்கே எட்டுவதில்லை; மிஞ்சுவது கரும்பு ஒன்றே, அதை விகிதத்தைக் கொண்டு பிடித்துவிடலாம். கழுவெளியை அடுத்த திட்டத்துக்கு விடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அங்கே ஈரம் காயாத இடத்தை முதலில் கண்டுபிடிக்காமல் மெழுகுக்குப் பணம் கட்டுவது சரியாகாது.

எடுக்கும் முறையிலும் ஒரு முடிவு காத்திருக்கிறது. உலோகத்துக்கு எஃகுக் கத்தி ஆகாது, பிளாஸ்டிக் கத்தி வேண்டும்; மூலக்கூறுகளுக்குப் பிளாஸ்டிக்கே ஆகாது, சூளையில் சுட்ட அலுமினியத் தாளும் கண்ணாடிப் புட்டியும் வேண்டும். ஒரே தூணில் இரண்டையும் செய்யாமல், கையெட்டும் தூரத்தில் இரண்டு தூண்கள் எடுத்து, எக்ஸ்ஆர்எஃப் வளைவை வைத்து ஒன்றோடொன்று பொருத்திக்கொள்வது நல்லது. பிவிசி குழாயை அடித்து இறக்கும்போது மென்சேறு அமுங்கும் என்பதால், குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் சேற்றின் மட்டத்தை ஒவ்வொரு முறையும் அளந்து குறிக்க வேண்டும்.

குழாயை இறக்கும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் சொல்லி அனுப்பினேன். வெண்கண்டல் இலை, சுரபுன்னை இலை, தில்லை இலை, கரும்புத் தோகை, நெல் வைக்கோல், கொள்ளிடத்து வண்டல், முகத்துவாரத்துப் பாசி, நெய்வேலி நிலக்கரித் துண்டு, வானூர்ச் செம்மண் ஆகியவற்றில் ஒவ்வொரு பிடி எடுத்து, சேற்றுக்குச் செய்யப்போகும் அதே அளவீடுகளை முதலில் இவற்றுக்குச் செய்துவிட வேண்டும். செலவு சிறிது, பொய்ச்சாட்சிகளின் எண்கள் முன்கூட்டியே கையில் இருக்கும். இரண்டு தூண்களையும் நீளவாக்கில் பிளந்து ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை வெட்டாமல், ஈரம் போகாதபடி சுற்றி, 4 டிகிரிக் குளிரில் வைக்க இடம் கேட்டு இப்போதே எழுதியிருக்கிறார்கள்.